வறுத்த பயறும் வெள்ளைக்காரன் வண்டியும்

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நான் வைத்திருப்பது சைக்கிள் கடை. 'அர்ஜுனன் சைக்கிள் மார்ட்' என்று பலகையில் எழுதி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு சைக்கிள் படமும் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்த பிறகும் ஒருவன் நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினால் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. எனக்கு இதற்கெல்லாம் வரும்.

எழுபத்தொன்றாம் வருஷத்துக் கார்த்திகை மாதம் அது. மழை ஒரு வாரமாக விடவே இல்லை. அன்று அமாவாசை. கடைக்குள் டயர் குவியலுக்குப் பக்கத்தில் என் அம்மா செல்லியம்மாளும் என் மனைவி வடிவும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். வடிவு கையில் ஒரு துணிமுடிச்சு. அதற்குள் வறுத்த பயறு. அந்தப் பயறில்தான் என் குடும்பமே இருந்தது.

திருப்புட்குழிப் பெருமாள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை வேண்டும் பெண்கள் குளத்தில் முழுகி, வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். காலையில் அது முளை விட்டிருந்தால் பிள்ளை உண்டு. வறுத்தது எங்கேயாவது முளைக்குமா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அப்படிப் பிறந்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அதில் ஒருவன் என்னிடம் டைனமோ வாங்கிப் போய் இன்னும் திருப்பித் தரவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம். ஆவணியில் ஒரு காதுகுத்து விருந்தில், இலை போட்டு உட்கார்ந்த அத்தனை பேர் முன்னாலும் அம்மா வாயைத் திறந்துவிட்டாள்.

"கார்த்திகை அமாவாசைக்குப் பயறு கட்டிப் பாக்கறேன். மொளைக்கலன்னு வையி, தை பொறந்ததும் எந்தம்பி பொண்ண அர்ஜுனனுக்குக் கட்டி வெச்சுடுவேன்!"

அம்மா சபையில் ஒரு வார்த்தை சொன்னால் அதை மாற்றவே மாட்டாள். ஒருமுறை ஒரு பந்தியில், பரிமாறியவன் மேல் இருந்த எரிச்சலில், "எனக்குப் பாயசம் ஆவாதுப்பா" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து அவள் பாயசத்தைத் தொட்டதே இல்லை. அவளுக்குப் பாயசம் என்றால் உயிர். பக்கத்து இலையை அவள் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் நமக்குத் தொண்டையில் இறங்காது.

எனக்கு வடிவைப் பிடிக்கும். பிள்ளை இருந்தாலும் பிடிக்கும், இல்லாவிட்டாலும் பிடிக்கும். ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் கத்துகிற எனக்கு இந்த ஒன்றை அம்மாவிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

கோயிலில் கொடுத்தால் அவர்களே பயறை வறுத்துத் தருவார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "லேசா வறுத்துக் குடுத்துட்டாங்கன்னு நாளைக்கு எவளாவது சொல்லுவா. ஊட்லயே வறுடி" என்றாள். வடிவு வறுத்தாள். பயத்தில் வறுத்தாளோ ரோஷத்தில் வறுத்தாளோ, பயறு தீய்ந்து கறுத்துவிட்டது. மிளகு என்று சொல்லி விற்றிருக்கலாம். இது முளைத்தால் கடையில் இருக்கிற பெடல் கட்டையும் முளைக்கும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் மேல் பஸ் இல்லை. ஏரி நிரம்பி, போகிற வழியில் முசரவாக்கத்தில் ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடுகிறதாம். இந்த நிலைமையில்தான் அந்த வண்டி வந்து நின்றது.

அதிலிருந்து இறங்கியவன் வெள்ளைக்காரன். மார்பு வரை தாடி. முழங்கால் வரை மஞ்சள் மழைக்கோட்டு. அதில் இரண்டு பக்கமும் முயல் வளர்க்கிற அளவுக்குப் பைகள். பின் டயரைக் காட்டி, கை இரண்டையும் விரித்து, "பூஃப்" என்றான்.

"சைக்கிள். ஒன்லி சைக்கிள்" என்றேன்.

"பூஃப்" என்றான் மறுபடியும்.

பஞ்சர் பஞ்சர்தானே. ஒட்டிக்கொண்டே விசாரித்தேன். பெயர் ஹென்ரிக். ஊர் டென்மார்க். வெண்ணெய் டப்பாவில் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து வண்டியிலேயே வந்தானாம். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்வதைப் பார்க்கலாம் என்று போனால், இந்த மழையில் தெருவில் பாவு நூலை விரிக்க முடியாது, தறிக்குழியில் வேறு தண்ணீர் நிற்கிறது, தையில் வா என்று சொல்லிவிட்டார்களாம். கோயிலுக்குப் போனால் நடை சாத்தியிருந்ததாம். இனி மகாபலிபுரம் போய்க் கடல் பார்க்கப் போகிறானாம். வரைபடத்தை எடுத்தான். நனைந்து கூழாகி இருந்தது. இந்தியாவின் கீழ்ப் பாதி அவன் விரலோடு வந்துவிட்டது.

எனக்குப் பொறி தட்டியது.

"ஐ நோ மகாபலிபுரம். கம், ஐ ஷோ. மணி நோ. மதர், ஒய்ஃப், டெம்பிள், லிட்டில் ஸ்டாப்" என்றேன்.

மகாபலிபுரம் கிழக்கே. திருப்புட்குழி மேற்கே. சூரியன் தெரிந்திருந்தால் அவன் கண்டுபிடித்திருப்பான். ஆனால் அன்று சூரியன் எங்கே இருந்தது?

வண்டிக்குள் மெத்தை, ஸ்டவ், தட்டு, டம்ளர், பால் டப்பா எல்லாம் இருந்தன. அம்மா ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். "ஊட்டையே வண்டியில ஏத்திக்கினு வந்துட்டான். பொண்டாட்டிய மட்டும் எங்கியோ வுட்டுட்டான், பாவம்" என்றாள். ஜன்னல் ஒன்று மூடவில்லை. சாரல் நேராக அவன் கோட்டுப் பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஹென்ரிக் அதைக் கண்டுகொள்ளாமல் சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினான்.

வெள்ளைகேட் சந்திப்பைத் தாண்டியதும் பெங்களூருக்கு அம்புக்குறி போட்ட பலகை வந்தது. அவன் என்னைப் பார்த்தான்.

"ஷார்ட் கட்" என்றேன்.

முசரவாக்கத்தில் ரோட்டைக் காணோம். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், அலை வேறு அடித்தது. ஹென்ரிக் முகம் மலர்ந்து, "ஸீ?" என்று கேட்டான்.

இவ்வளவு தூரம் பொய் சொன்ன பிறகு நடுவில் நிறுத்துவானேன்? "ஸீ" என்றேன்.

"டேய், கடலுன்னா சொன்னே அந்தப் புள்ளையாண்ட? ஒனக்கு நாக்கு அழுவிப் பூடும்டா" என்றாள் அம்மா.

எங்களுக்கு முன்னால் ஒரு எருமை தண்ணீருக்குள் ஆற அமர நடந்துபோனது. பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று அதற்குத் தெரியாமல் இருக்குமா? "ஃபாலோ பஃபலோ" என்றேன். ஹென்ரிக் மரியாதையாக அதன் பின்னாலேயே ஓட்டினான். எருமை நேராகப் போனது, நாங்களும் போனோம். எருமை இடப்பக்கம் திரும்பியது, நாங்களும் திரும்பினோம். எருமை ஒரு வேலிப் படலைத் தாண்டித் தன் தொழுவத்தில் போய் நின்றுகொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தது. வண்டி எருக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

அது முருகேசன் என்பவர் வீட்டுத் தொழுவம். சத்தம் கேட்டு அவரும் அக்கம்பக்கத்து ஆண்களும் ஓடி வந்தார்கள். தள்ளிவிட ஆட்கள் கிடைத்தார்கள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போது ஹென்ரிக் இறங்கி, பின் கதவைத் திறந்து, ஒரு பொருளை எடுத்து விரித்து வண்டிக்குப் பின்னால் நட்டான். அவர்கள் ஊரில் வண்டி நின்றுபோனால் மற்ற வண்டிகளுக்கு எச்சரிக்கையாக அதை வைக்க வேண்டுமாம்.

பளபளவென்று சிவப்பு முக்கோணம்.

அந்த வருஷத்தில் சிவப்பு முக்கோணம் என்றால் என்ன என்று தெரியாதவர் யார்? சுவரெல்லாம் அதுதான், பஸ்ஸெல்லாம் அதுதான். குடும்பக் கட்டுப்பாடு, ஆபரேஷன்! வந்த ஆண்கள் ஒரு கணம் நின்றார்கள், முக்கோணத்தைப் பார்த்தார்கள், வெள்ளைக்காரனைப் பார்த்தார்கள். அடுத்த கணம் ஒருவரையும் காணோம். ஒருவர் வேட்டியை விட்டுவிட்டே ஓடினார். முருகேசன் வைக்கோல் போரின் உச்சிக்கு ஏறிவிட்டார்.

"யோவ், எறங்குய்யா! இது அந்த வண்டி இல்ல" என்று கத்தினேன்.

"எனக்கு ஒடம்பு சரியில்லப்பா! அடுத்த ஊருக்குப் போங்க!" என்று மேலிருந்து குரல் வந்தது.

அம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி, புள்ள வரம் கேக்கப் போறவள இந்த வண்டியிலயாடா ஏத்தினே? சாமி இன்னாடா நெனைக்கும்?"

இதற்குள் முருகேசன் மனைவி மணியம்மாள் இடுப்பில் ஒரு குழந்தையும் பின்னால் வரிசையாகச் சிலதுமாக வந்து நின்றாள். அவள் பயப்படவில்லை. சந்தோஷமாக இருந்தாள்.

"நல்ல வேள, ஊட்டாண்டயே வந்துட்டீங்க" என்றாள். "எனக்கு இதோட ஆறு. எங்க ஊட்டுக்காரு போர் மேல கீறாரு. ஏணி எடுத்தாரட்டா?"

"அந்த வண்டி இல்லம்மா இது! முக்கோணத்தப் பாரு, அதுல கூர் கீழ இருக்கும், இதுல மேல இருக்குது."

"அவசரத்துல நீங்க தலைகீழா நட்டதுக்கு நானா பொறுப்பு?" என்றாள் அவள்.

ஹென்ரிக் அவளுக்குக் கைகூப்பி வணக்கம் சொன்னான். போர் மேல் இருந்த முருகேசன் அதைப் பார்த்துவிட்டு இன்னும் உள்ளே புதைந்துகொண்டார்.

மணியம்மாள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வடிவைக் கண்டதும் சிநேகமாக, "ஒனக்கு எத்தினிம்மா?" என்றாள்.

வடிவு முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இனிமேதான்க்கா. திருப்புட்குழிக்குத்தான் போறோம்" என்றாள்.

மணியம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து வடிவு மடியில் வைத்துவிட்டு, சேலையை வரிந்து கட்டினாள். "ஏ, வாங்கடி எல்லாரும்! இந்தப் பொண்ணு பயறு கட்டப் போவுது. பொழுது சாயறதுக்குள்ள போவணும்!" என்று குரல் கொடுத்தாள். தெருப் பெண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்.

வடிவு முடிச்சை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அது அவள் தாலிச்சரடைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டது. வடிவு குனிந்து அதன் தலையை முகர்ந்தாள். நான் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைத் தள்ளப் போனேன். அம்மா மட்டும் உள்ளேயே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் தள்ளிய தள்ளில் வண்டி எருக்குழியிலிருந்து எகிறி ரோட்டுக்கே வந்துவிட்டது. எனக்கும் ஹென்ரிக்குக்கும் தலை முதல் கால் வரை சாணி. குழந்தையைத் திரும்பி வாங்கிக்கொண்ட மணியம்மாள், "வரும்போது ஒரு பெரிய ஏணியா வெச்சிருக்கறேன்" என்று அவனிடம் சொல்லி அனுப்பினாள். அவன் "தேங்க்யூ, தேங்க்யூ" என்றான்.

வண்டி கிளம்பியதும் அம்மா தன் சுருக்குப்பையிலிருந்து ஒரு கைப்பிடி கறுப்பாக எதையோ எடுத்து அவன் கையில் கொட்டினாள். "சாப்புடு தொரை. களைச்சுப் பூட்டே" என்றாள். அவன் வாயில் போட்டுக் கடித்தான். கடக்கென்று சத்தம் எனக்கே கேட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, "குட், குட்" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை அம்மாவுக்குத் தெரியாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். என் அம்மா தன் பையிலிருந்து யாருக்கும் ஒரு வெற்றிலைக் காம்பு கூடக் கொடுத்தவள் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். காதில் போயிருந்த சாணியைத் துடைக்கிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

திருப்புட்குழி போய்ச் சேர்ந்ததும் வடிவு கொட்டுகிற மழையிலேயே குளத்தில் முழுகி, முடிச்சை நனைத்து, பிரிக்காமல் அப்படியே மடியில் கட்டிக்கொண்டாள். அவளும் அம்மாவும் சத்திரத்தில் படுத்தார்கள். நானும் ஹென்ரிக்கும் வண்டியில். மகாபலிபுரத்துக் கோயில் இது இல்லையே என்று அவன் கேட்பான் என்று பயந்தேன். அவன் படுத்ததும் தூங்கிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. சத்திரத்துத் தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள். நடுவில் வடிவு. அம்மா முடிச்சை அவிழ்த்தாள்.

பயறு முழுக்க முளை. ஒன்று பாக்கியில்லை, அத்தனையும்!

"மொளைச்சுடுச்சு! பாருங்கடி, மொளைச்சுடுச்சு!" என்று அம்மா போட்ட சத்தத்தில் கோயில் கோபுரத்துப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். மாமன் பெண்ணும் வேண்டாம், தை மாதமும் வேண்டாம். அழுதுகொண்டே குனிந்து பயறைப் பார்த்தேன். அழுகை நின்றுவிட்டது.

பயறு பச்சைப் பசேலென்று இருந்தது.

வடிவு முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் தெரிந்துவிட்டது. அடுப்படியில் நின்று கருக வறுத்தவள் அவள்தானே. குலவை காதைத் துளைத்தது. அவள் தனக்கு யாரோ பிச்சை போட்டதைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா யார் முகத்தையும் பார்க்காமல் மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஹென்ரிக் வந்தான். மழைக்கோட்டைக் கையில் பிடித்திருந்தான். பையைத் துழாவி ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையை என் முன்னால் நீட்டினான்.

"லுக். மை பாக்கெட். கார்டன்" என்றான்.

மிளகு மாதிரி கறுத்த பயறு. முக்கால்வாசி அப்படியேதான் கிடந்தது. ஆனால் நாலைந்து மட்டும் வெடித்து, வெள்ளையாக, நூல் மாதிரி முளை நீட்டியிருந்தது.

பெண்களுக்குக் குலவையிட வரவில்லை. வாயில் வைத்த கை அப்படியே நின்றது. வடிவு எழுந்தாள். அவன் கையருகில் குனிந்து பார்த்தாள்.

"அத்தை, இது நான் வறுத்தது" என்றாள்.

அம்மா சுருக்குப்பையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"என் மடியில கட்டினது நீங்க போட்ட பச்சப்பயறு. அப்படித்தானே? ஏன் அத்தை?"

அம்மாவுக்குக் கோபம் வந்தது. எனக்கு வருகிற கோபம் யாரிடமிருந்து வந்தது என்று அன்று தெரிந்தது.

"ஏன்னா இன்னாடி ஏன்? காதுகுத்துல அத்தினி பேர் எதிர்ல சொல்லித் தொலைச்சுட்டேன். சொன்னதக் காப்பாத்தணும்னா ஒன்ன அனுப்பணும். நீ அந்தக் கொழந்தைய மடியில வெச்சிக்கினு குந்தியிருந்தியே, அதப் பாத்துட்டு நான் ஒன்ன எப்பிடிடி அனுப்புவேன்? எந்தம்பி பொண்ணு மூஞ்சியும் அவளும்! ஒன்ன வுட்டுட்டு நான் யாராண்ட சண்ட போடுவேன்?" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

பச்சைப்பயறை அவள் வீட்டிலிருந்தே சுருக்குப்பையில் எடுத்து வந்திருந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அப்படியானால் முசரவாக்கத்துக்கு முன்பே, காஞ்சிபுரத்திலேயே, அவளுக்கு மனம் மாறிவிட்டது. இந்த மூன்று மாதம் நான் வாயை மூடிக்கொண்டு பயந்து செத்ததெல்லாம் வீண். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, பிடித்துக் குளத்தில் தள்ளவும் தோன்றியது.

வடிவு சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை. ஹென்ரிக் கையிலிருந்து பயறை எடுக்கப் போனாள். அம்மா பாய்ந்து தடுத்தாள்.

"இருடி! மொளைச்சது அவன் பையில. வரம் அவனுக்குப் பூட்டா இன்னா பண்றது? அவன் கையால குடுக்கணும். டேய் அர்ஜுனா, தொரைய தார வாத்துக் குடுக்கச் சொல்லு!"

நான் எப்படிச் சொல்வது? "யூ கிவ். டூ ஹேண்ட். ஃபுல் கிவ். யூ நோ பேபி. ஷீ பேபி" என்றேன்.

ஹென்ரிக் என்னையும் பார்த்தான், தன் வயிற்றையும் பார்த்தான். என்ன புரிந்ததோ, மழைக்கோட்டை ஒழுங்காக மாட்டிக்கொண்டு, தாடியை நீவிவிட்டு, இரண்டு கையையும் சேர்த்துப் பயறை வடிவு மடியில் போட்டான். ஒரு பெண் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். அம்மா அவன் பையை வெளியே இழுத்து உதறி, ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் விட்டாள். அப்போது குலவை வந்தது. முன்னதைவிடப் பலமாகவே வந்தது.

மிச்சமிருந்தது அந்தப் பச்சை முளை. அம்மா அதை யாரும் பார்க்காமல் வாய்க்காலில் கொட்டப் போனாள். வடிவு பிடுங்கிக்கொண்டாள். வண்டிக்குள் ஏறி ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள். சத்திரத்துக்காரி ஒரு அச்சு வெல்லம் கொடுத்தாள். ஹென்ரிக் தன் பால் டப்பாவைத் திறந்து கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். கொஞ்ச நேரத்தில் தாழ்வாரமெல்லாம் வாசனை.

முதல் டம்ளரை வடிவு அம்மாவுக்கு நீட்டினாள்.

"எனக்குப் பாயசம் ஆவா..." என்று அம்மா ஆரம்பித்தாள். சுற்றி அத்தனை பெண்கள் நின்றார்கள். வடிவு கையை எடுக்கவில்லை.

அம்மா டம்ளரை வாங்கினாள். ஊதிக்கூடப் பார்க்காமல், அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். அடியில் தங்கிய பயறை விரலை விட்டு வழித்தாள். பிறகு டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்துடி. வெல்லம் கம்மி" என்றாள்.